கூரைக்குறியின் கீழ் ஒரு வினைவடிவம்: பிரெஞ்சுச் சார்புநிலை இறந்தகாலமும் அதன் தமிழ் வாசிப்பும்

பிரெஞ்சு மொழியில் 'இல் தி கெ லா மெஸோன் ஃப்யு வாந்த்யு' என ஒலிக்கும் தொடர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதனைச் செவியால் மட்டும் கேட்பவர்க்கு இரு பொருள்கள் தோன்ற இடமுண்டு. 'வீடு விற்கப்பட்டது என்கிறார்' என்பது ஒன்று. 'வீடு விற்கப்படட்டும் என்றார்' என்பது மற்றொன்று. முன்னது நிகழ்ந்த செய்தியைக் கூறுகிறது. பின்னது இன்னும் நிகழாத ஒன்றை ஏவுகிறது. இவ்விரண்டையும் எழுத்தில் வேறுபடுத்துவது 'ஃப்யு' என்னும் சொல்லின் உயிரெழுத்து மேல் இடப்படும் கூரை போன்ற சிறு குறி ஒன்றே. குறி இல்லையெனில் அது எளிய இறந்தகாலம். குறி இருப்பின் அது சார்புநிலையின் நிறைவுறா இறந்தகாலம். 'தி' என்னும் முதன்மை வினை நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் ஒரே வடிவினதாதலின், அக்குறி தான் நிற்கும் வினையின் பொருளோடு முதன்மை வினையின் காலத்தையும் தீர்மானித்துவிடுகிறது.

பழைய பிரெஞ்சு ஆவணம் ஒன்றையோ புதினம் ஒன்றையோ தமிழாக்குபவர் இக்குறியைக் கவனியாது விடின், விற்கப்படாத வீடு தமிழில் விற்கப்பட்டுவிடும். குறியைக் கண்டும் 'இறந்தகாலம்' என்னும் இலக்கணப் பெயரை நம்பி மொழிபெயர்ப்பவர்க்கும் அதே பிழை நேரும். சார்புநிலையின் நிறைவுறா இறந்தகாலம் எவ்வாறு அமைகிறது, எங்கெங்கு வழங்குகிறது, அதன் காலப்பொருள் எத்தகையது என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முயல்கிறது. இவ்வடிவம் தானாக இறந்தகாலத்தை உணர்த்துவதில்லை; காலமும் மெய்ம்மையும் அதனை ஆளும் முதன்மைத் தொடரிலிருந்தும் இணைப்புச் சொல்லிலிருந்தும் பெறப்படுகின்றன என்பதே இங்கு நிறுவப்படும் கருத்து.

பிரெஞ்சுச் சொற்கள் இங்கு ஒலிப்பு நோக்கித் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. ஒலிக்கப்படாத ஈற்றெழுத்துகள் காட்டப்படவில்லை. 'யு' என்பது இதழ்குவித்து ஒலிக்கும் இகரத்தைக் குறிக்கும். சான்றுத் தொடர்கள் யாவும் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை.

பெயரும் பிறப்பும்

'சுப்ஜோன்க்திஃப்' என்னும் வினைப்பாங்கினை 'வியங்கோள்' எனத் தமிழாக்கும் வழக்கம் பாடநூல்களில் காணப்படுவதுண்டு. அது முழுவதும் பொருந்துவதன்று. வாழ்த்து, வேண்டல் ஆகிய பொருள்களில் இவ்வடிவம் தனித்து நிற்றல் உண்டெனினும், பெரும்பான்மை இது 'கெ' என்னும் இணைப்புச் சொல்லின் பின், வேறொரு வினைக்கு அடங்கிய தொடரிலேயே வருகிறது. ஆகலின் 'சார்புநிலை' என்னும் பெயரே இங்குக் கையாளப்படுகிறது.

'நிறைவுறா இறந்தகாலம்' என்னும் அடைமொழியும் வாசகரைத் திசைதிருப்பக் கூடியதே. இலத்தீனில் 'அமாரெம்' என்பது சார்புநிலையின் நிறைவுறா இறந்தகாலம். ஆனால் பிரெஞ்சு வடிவம் அதன் வழித்தோன்றல் அன்று. இலத்தீனின் முந்தைய இறந்தகாலச் சார்புநிலையாகிய 'அமாவிஸ்ஸெம்' என்பது 'அமாஸ்ஸெம்' எனக் குறுகி, அதிலிருந்தே பிரெஞ்சின் இன்றைய வடிவம் பிறந்தது. இரட்டித்த சகர ஒலியே அதன் பரம்பரை அடையாளம். படர்க்கை ஒருமையில் அச்சகரம் டகர எழுத்தின் முன் நின்று ஒலிப்பில் மறைந்தது. எழுத்தில் அதன் நினைவாக எஞ்சியதே கூரைக்குறி. ஒரு காலத்து வடிவம் வேறொரு காலத்தின் பெயரைப் பெற்று வழங்குகிறது என்னும் இவ்வரலாற்றுச் செய்தியே, பெயரைக் கொண்டு பொருளை முடிவு செய்யலாகாது என்பதற்கு முதற்சான்றாகும்.

வடிவாக்கம்

கடினமானது எனப் பெயர்பெற்ற இவ்வடிவத்தின் ஆக்கம் பிரெஞ்சு வினையியலிலேயே மிக ஒழுங்கானவற்றுள் ஒன்று. எளிய இறந்தகாலத்தின் முன்னிலை ஒருமை எழுத்துவடிவத்தை எடுத்து, அதன் ஈற்று 'எஸ்' எழுத்தோடு மற்றோர் 'எஸ்' எழுத்தையும் ஆள்விகுதியையும் சேர்த்தால் போதுமானது. 'பேசு' எனப் பொருள்படும் 'பர்லே' என்னும் வினை தன்மை ஒருமையிலும் முன்னிலை ஒருமையிலும் 'பர்லாஸ்' எனவும், தன்மைப் பன்மையில் 'பர்லாஸியோன்' எனவும், முன்னிலைப் பன்மையில் 'பர்லாஸியே' எனவும், படர்க்கைப் பன்மையில் மீண்டும் 'பர்லாஸ்' எனவும் அமையும். படர்க்கை ஒருமை மட்டும் இரட்டைச் சகரம் பெறாது, கூரைக்குறி இட்ட உயிரும் ஒலிக்காத 'டி' எழுத்தும் பெற்று 'பர்லா' என ஒலிக்கும். எளிய இறந்தகாலப் படர்க்கை ஒருமையும் 'பர்லா' என்றே ஒலிப்பதால் இடுக்கண் அனைத்தும் இவ்வோர் இடத்தில் குவிகிறது.

எளிய இறந்தகாலத்தின் உயிர் எதுவோ அதுவே இங்கும் வரும். 'பர்லே' வகையினவற்றில் ஆகாரம். 'முடி' என்னும் பொருளுடைய 'ஃபினீர்', 'செய்' என்னும் 'ஃபேர்' முதலியவற்றில் இகரம். 'இரு' என்னும் 'ஏத்ர்', உடைமைப் பொருளுடைய 'அவ்வார்' முதலியவற்றில் இதழ்குவி இகரம். 'வா' என்னும் 'வெனீர்', 'பிடி' என்னும் 'தெனீர்', அவற்றின் கூட்டுவினைகள் ஆகியவற்றில் மூக்கொலி உயிர். இவ்வாறு 'ஃபினிஸ்', 'ஃபிஸ்', 'ஃப்யுஸ்', 'யுஸ்', 'வேன்ஸ்' என்பன கிடைக்கின்றன. பிற காலங்களில் எத்துணை ஒழுங்கற்ற வினையாயினும் இங்கு விதிக்கு அடங்கியே நிற்கும். 'வெறு' எனப் பொருள்படும் வினை போன்ற மிகச் சிலவற்றில் கூரைக்குறிக்குப் பதிலாக இருபுள்ளிக் குறி நிற்பது எழுத்து முறை பற்றிய விலக்கேயன்றி வடிவ விலக்கன்று.

இச்சார்பு எத்துணை வலியது என்பதைக் குறைவினைகள் தெளிவாகக் காட்டும். 'பால் கற' எனப் பொருள்படும் 'த்ரேர்' என்னும் வினைக்கு எளிய இறந்தகாலம் இல்லை. எனவே சார்புநிலையின் நிறைவுறா இறந்தகாலமும் இல்லை. தாய் இன்றேல் சேய் இல்லை என்னும் இவ்வுறவு, இவ்வடிவம் வழக்கொழிந்த வரலாற்றை அறிதற்கும் பின்னர்ப் பயன்படும்.

'ஃபினீர்' வகை வினைகளில் வேறொரு சிக்கல் உண்டு. அவற்றின் சார்புநிலை நிகழ்காலமும் நிறைவுறா இறந்தகாலமும் படர்க்கை ஒருமை நீங்கலாக எல்லா இடங்களிலும் ஒன்றே. ஆகவே 'ஃபினிஸ்' என்பதைத் தன்மையில் கண்டால் வடிவத்தைக் கொண்டு காலம் கூற இயலாது. முதன்மை வினையையே நோக்கவேண்டும்.

காலஇயைபு

மரபிலக்கணத்தின்படி, முதன்மை வினை நிகழ்காலத்திலோ எதிர்காலத்திலோ இருப்பின் சார்புத் தொடரில் சார்புநிலையின் நிகழ்காலம் வரும். முதன்மை வினை இறந்தகாலத்தில் இருப்பின் நிறைவுறா இறந்தகாலம் வரும். 'இல் ஃபோ கெல் பர்ல்' என்பது 'அவள் பேச வேண்டும்'. முதன்மை வினை இறந்தகாலமாக மாறும்போது அது 'இல் ஃபாலே கெல் பர்லா' என்றாகும். 'அவள் பேச வேண்டியிருந்தது' என்பது பொருள். இரண்டாம் தொடரில் பேச்சு நிகழ்ந்ததா என்பது சொல்லப்படவில்லை. அவள் பேசியிருக்கலாம், பேசாதும் இருந்திருக்கலாம். 'பர்லா' என்பது அறிவிப்பது பேசுதல் கடந்த காலத்தது என்பதையன்று. தன்னை ஆளும் வினை கடந்த காலத்தது என்பதையே. சார்புத் தொடரின் செயல் முதன்மை வினையின் செயலோடு உடனிகழ்வதாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருப்பின் இவ்வடிவமும், முந்தியதாக இருப்பின் துணைவினை சேர்ந்த முந்தைய இறந்தகாலச் சார்புநிலையும் வரும்.

இதனினும் வலிய சான்று நிபந்தனை வடிவத்தின் பின் கிடைக்கிறது. 'ஜெ வூத்ரே கெல் பர்லா' என்னும் தொடரில் முதன்மை வினை 'விரும்புவேன்' எனப் பொருள்படும் நிகழ்கால நிபந்தனை வடிவம். விரும்புதல் இப்போது, பேசுதல் இனிமேல். கடந்த காலம் என்பது தொடரில் எங்குமில்லை. ஆயினும் மரபிலக்கணம் இங்கும் 'பர்லா' என்றே விதிக்கிறது. எதிர்காலத்து நிகழ்வை 'இறந்தகாலம்' எனப் பெயர்கொண்ட வடிவம் சுட்டும்போது அப்பெயரின் போதாமை வெளிப்படையாகிறது.

தமிழில் இத்தகைய காலஇயைபு இல்லை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 'அவள் பேச வேண்டும் என்று விரும்புகிறான்', 'அவள் பேச வேண்டும் என்று விரும்பினான்' என்னும் இரண்டிலும் 'பேச வேண்டும்' என்பது மாறுவதில்லை. காலத்தை முதன்மை வினை ஒன்றே தாங்குகிறது. எனவே பிரெஞ்சு வடிவத்துக்கு ஈடாகத் தமிழில் இறந்தகால இடைநிலை தேடுதல் வேண்டாத வேலை. 'பேச', 'பேசும்படி', 'பேசுமாறு', 'பேசட்டும் என்று' என்னும் வடிவங்களே பெரும்பாலும் அதற்கு நேரானவை.

ஆயின் இதனைப் பொதுவிதியாக்கிவிடலாகாது. 'பியேன் கில் ஃப்யு மலாத்' என்னும் தொடர் 'அவர் நோயுற்றிருந்தபோதிலும்' எனப் பொருள்படும். நோய் உண்மையில் இருந்தது. உடன்பாட்டுடன் மறுக்கும் இவ்விணைப்புச் சொல் சார்புநிலையை வேண்டுகிறதேனும், கூறப்படும் செய்தி நிகழ்ந்ததே. சார்புநிலை என்றாலே ஐயம் அல்லது நிகழாமை எனக் கற்பிக்கும் எளிய விளக்கம் இங்குத் தோல்வியுறும். தமிழிலும் இங்கு 'நோயுற்றிருந்த' என இறந்தகாலமே வரவேண்டும். ஒரே 'ஃப்யு' ஓரிடத்தில் நிகழாமையையும் மற்றோரிடத்தில் நிகழ்ந்த மெய்ம்மையையும் சார்ந்து நிற்பதால், மொழிபெயர்ப்பாளர் முதலில் நோக்கவேண்டியது வினைவடிவத்தையன்று. அதற்கு முன் நிற்கும் சொல்லை.

முன்னும் பின்னும்

இவ்வேறுபாட்டைத் தமிழறிஞர் எளிதில் உணர்தற்குரிய இடம் ஒன்றுண்டு. 'அவான் கெல் பர்லா' என்பது 'அவள் பேசுமுன்' எனப் பொருள்படும். 'முன்' எனும் பொருளுடைய இணைப்புச் சொல் சார்புநிலையை ஏற்கும். 'பின்' எனும் பொருளுடைய 'அப்ரே கெ' என்பதோ சார்புநிலையை ஏலாது. நேர்நிலை வினையையே கொள்ளும். காரணம் தெளிவு. ஒன்றன் 'முன்' என்னும்போது அது இன்னும் நிகழவில்லை. 'பின்' என்னும்போது அது நிகழ்ந்துவிட்டது.

தமிழும் இவ்விடத்தில் இதே வேறுபாட்டைப் பெயரெச்சத்தில் காட்டுகிறது. முதன்மை வினை இறந்தகாலமாக இருந்தும் 'அவள் பேசுமுன் அவன் சென்றான்' என்கிறோம், 'பேசியமுன்' என்பதில்லை. மறுதலையாக, முதன்மை வினை எதிர்காலமாக இருந்தும் 'அவள் பேசிய பின் அவன் செல்வான்' என்கிறோம். 'பேசும்', 'பேசிய' என்பன இங்குக் காலத்தை உரைக்கவில்லை. செயல் முற்றாமையையும் முற்றியதையும் உரைக்கின்றன. பிரெஞ்சு வினைப்பாங்கால் செய்வதைத் தமிழ் பெயரெச்ச வேறுபாட்டால் செய்கிறது.

பிரெஞ்சு மொழியினரே இங்கு இடறுவதுண்டு என்பது சுவையான செய்தி. 'அவன் பேசிய பின்' என்பதை 'அப்ரே கில் யு பர்லே' என எழுதும்போது, அதிலுள்ள 'யு' என்பது கூரைக்குறியின்றி எழுதப்படவேண்டிய நேர்நிலை வடிவம். கூரைக்குறியிட்டு அதனைச் சார்புநிலையாக்கி எழுதும் வழு அச்சு நூல்களிலும் காணக் கிடைக்கிறது. இரண்டும் ஒலியில் ஒன்றாயிருத்தலும், 'முன்' என்பதன் ஒப்புமையும் இவ்வழுவுக்குக் காரணம். ஆகவே கூரைக்குறி உள்ள இடமெல்லாம் நிகழாமை என முடிவுகட்டுவதும் இடருடையதே.

நிபந்தனைப் பொருள்

இணைப்புச் சொல்லின்றி, எழுவாயும் வினையும் இடம்மாறி நிற்கும் தொடர்களில் இவ்வடிவம் 'ஆயினும்' என்னும் பொருள் தரும். 'ஃப்யுத்தில் ருவா' என்பது 'அவன் அரசனேயாயினும்'. 'த்யுஸேஜ் மூரீர்' என்பது 'நான் இறக்க நேரினும்'. 'நெ ஃப்யுஸ் கேன் ஜூர்' என்பது 'ஒரு நாளேனும்'. இங்கும் இறந்தகாலப் பொருள் சிறிதும் இல்லை. 'வந்தால்', 'வந்தாலும்' என்னும் தமிழ் வடிவங்களில் 'வந்த்' என்னும் இறந்தகாலப் பகுதி நிற்பினும் எவரும் அவற்றை இறந்தகாலமாகக் கொள்வதில்லை. 'நாளை வந்தால்' என்பதில் முரண் காண்பார் இல்லை. தம் மொழியில் இயல்பாக உணரும் இதனையே பிரெஞ்சு வடிவத்திலும் வாசகர் உணர்தல் வேண்டும்.

துணைவினையின் 'யு' வடிவத்தோடு வினையெச்சப் பெயரடை சேரும்போது 'செய்திருக்கும்' என்னும் நிறைவேறா நிபந்தனைப் பொருள் பிறக்கும். 'இல் யு ஃபாலு' என்பது 'வேண்டியிருந்திருக்கும்' எனப் பொருள்படும். பிரெஞ்சு இலக்கண நூல்கள் இதனை நிபந்தனை இறந்தகாலத்தின் இரண்டாம் வடிவம் என வழங்கும். 19-ஆம் நூற்றாண்டின் உரைநடையில் இதன் ஆட்சி மிகுதி.

வழக்கொழிவு

இன்று பேச்சில் 'இல் ஃபாலே கெல் பர்ல்' எனச் சார்புநிலையின் நிகழ்காலமே வழங்குகிறது. இவ்வொழிவுக்கு ஒலிப்பு நயமின்மையைக் காரணமாகக் கூறுவர். 'பர்லாஸியோன்' போன்ற நீண்ட வடிவங்கள் நகைப்புக்கு இடமாயின என்பது உண்மை. இழிவுப்பொருள் தரும் பெயர்விகுதி ஒன்றும் 'ஆஸ்' என்றே ஒலிக்கிறது. 'அறி' என்னும் வினையின் 'ஸ்யுஸ்' என்பது 'உறிஞ்சு' என்பதன் வடிவத்தோடும், 'இயல்' என்பதன் 'ப்யுஸ்' என்பது தெள்ளுப்பூச்சியின் பெயரோடும் ஒலியால் ஒன்றுபடும். நகைச்சுவை எழுத்தாளர் அல்ஃபோன்ஸ் அலே (1854–1905) பெயரால் வழங்கும் காதல் புலம்பல் கவிதை ஒன்று இத்தகைய வடிவங்களை அடுக்கியே நகை விளைவிக்கிறது.

எனினும் இதனை முதற்காரணமாகக் கொள்வதற்கில்லை. படர்க்கை ஒருமையாகிய 'பர்லா' என்பதில் ஒலிநயக் குறை ஏதுமில்லை. அதுவும் பேச்சிலிருந்து மறைந்தது. எளிய இறந்தகாலம் பேச்சுவழக்கில் கூட்டு இறந்தகாலத்துக்கு இடம்விட்டு மறைந்தமையே மூலகாரணமாகத் தோன்றுகிறது. தாய்வடிவத்தைப் பேச்சில் கேளாத குழந்தை சேய்வடிவத்தை ஆக்கும் வழியையும் இழக்கிறது. எளிய இறந்தகாலம் கதை கூறும் எழுத்தில் நிலைத்தது போலவே, சார்புநிலை வடிவமும் எழுத்தில், அதிலும் படர்க்கையில், நிலைத்தது. செந்தெக்ஸுபெரியின் 'குட்டி இளவரசன்' (1943) சிறுவர்க்கும் உரிய நூல். அதன் பத்தாம் அதிகாரத்தில் அரசனைப் பற்றிய விவரிப்பிலும் கூரைக்குறி பெற்ற 'ஃப்யு' இடம்பெறுகிறது.

கல்வித்துறை இம்மாற்றத்தை இரு படிகளில் ஏற்றது. 1901 பிப்ரவரி 26-ஆம் நாளிட்ட அமைச்சக ஆணை, நிபந்தனை வடிவத்தின் பின் சார்புநிலை நிகழ்காலத்தை எழுதுவதைத் தேர்வுகளில் பொறுத்துக்கொள்ள இசைந்தது. 1976 டிசம்பர் 28-ஆம் நாளிட்ட ஆணை, முதன்மை வினை இறந்தகாலமாக உள்ள இடங்களுக்கும் அவ்விசைவை விரித்தது. முதலில் தளர்த்தப்பட்டது நிபந்தனை வடிவத்தின் பின்னுள்ள ஆட்சியே என்பது கவனத்துக்குரியது. காலப்பொருளே இல்லாத இடத்தில் காலஇயைபு முதலில் நெகிழ்ந்தது இயல்பே. மாறாக, 1990-இன் எழுத்துச் சீர்திருத்தப் பரிந்துரைகள் இகர உகர எழுத்துகளின் மேலுள்ள கூரைக்குறியைப் பல சொற்களில் நீக்கியும், இவ்வினைவடிவத்தில் அதனை நிலைநிறுத்தின. பொருள் வேறுபாடு அக்குறி ஒன்றைப் பற்றி நிற்பதை அவை உணர்ந்திருந்தன எனலாம்.

ஆவணம் படிப்போர்க்கு

புதுச்சேரி, காரைக்கால் சார்ந்த பிரெஞ்சு ஆவணங்களையும், ஏரியல், வின்சோன் போன்ற 19-ஆம் நூற்றாண்டு அறிஞர் காலத்துப் பிரெஞ்சு உரைநடையையும் படிக்கும் தமிழாய்வாளர் இவ்வடிவத்தை அடிக்கடி எதிர்கொள்வர். அச்சு நூல்களில் குறி பெரும்பாலும் உண்டு. தலைப்பெழுத்துகளில் அச்சிட்ட வரிகளில் குறிகள் விடுபடுவது பழைய அச்சு வழக்கம். கையெழுத்துகளில் எழுதுவோர் அவற்றைப் பேணாமை இயல்பு.

காலத்தால் இன்னும் முந்திச் சென்றால் குறியே இராது. பிரெஞ்சு அகாதெமி அகராதியின் 1740-ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பு, ஒலிக்காத 'எஸ்' எழுத்தைப் பல சொற்களில் நீக்கிக் கூரைக்குறியை நிலைபெறச் செய்தது. அதற்கு முற்பட்ட எழுத்தில் சார்புநிலையின் 'ஃப்யு', 'எஸ்' எழுத்துடன் எழுதப்பட்டிருக்கும். 1706-இல் மறைந்த பிரான்சுவா மர்த்தேன் காலத்து எழுத்தைப் படிப்பவர் கூரைக்குறியை எதிர்பார்த்தல் கூடாது. அந்த 'எஸ்' எழுத்தும் உறுதியான சான்றன்று. ஒலிப்பில் வேறுபாடு அற்றுப்போன நிலையில் எழுதுவோர் அதனை எளிய இறந்தகாலத்திலும் இடுவதுண்டு.

எழுத்து கைவிடும் இவ்விடங்களில் தொடரமைப்பே துணை. 'வீடு' என்னும் சொல்லுக்கு முன் 'கெ' உள்ளதா, அதற்கு முன்னுள்ள வினை கூறுதலா ஏவுதலா, ஏவுதலாயின் அது கடந்த காலத்ததா என்னும் மூன்றையும் அடைவே வினவின் பெரும்பாலும் விடை கிடைக்கும். 'வேண்டினார்', 'ஆணையிட்டார்', 'அஞ்சினார்' என்பனவற்றின் பின் வரும் 'ஃப்யு வாந்த்யு' குறியில்லாதிருப்பினும் 'விற்கப்பட வேண்டும்', 'விற்கப்படுமோ' என்னும் பொருளதே. முதன்மை வினை 'தி' என்று மட்டும் நின்று, குறியும் இல்லாது, கூற்றோ ஏவலோ எனத் துணியவும் இயலாத தொடர்களில், அவ்வாவணத்தின் அடுத்த பத்தியிலோ பிற்பட்ட ஆண்டின் ஆவணத்திலோ அவ்வீடு யார் பெயரில் இருக்கிறது எனத் தேடுவதே எஞ்சிய வழி.